வெண்கட்டியில் போட்ட நம்பர்

திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் தார்ப்பாய் வேலியில் தொங்கியது. அறுபத்துநாலு கல்லும் குளித்துவிட்டுப் பளிச்சென்று கிடந்தன. நான் வெண்கட்டியால் போட்ட நம்பர் ஒன்றையும் காணவில்லை. லண்டனில் மழை பெய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இருபது வருடம்தானே இங்கே இருந்திருந்தேன்.

குட்மேய்ஸ் பக்கம் ஒரு பூங்கா. வேலையில்லாத எங்கள் ஐந்து பேரை வைத்துக் கவுன்சில் அதைத் திருத்தியது. அங்கே இருந்த கல் மதிலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வேலையில்லாதவர்கள் கட்டியதுதான். அது வயிறு தள்ளி நின்றதால் பிரித்து, ஒவ்வொரு கல்லையும் பழைய இடத்திலேயே வைத்துக் கட்டவேண்டும், அதற்குத்தான் நம்பர். சரியாக முடித்தால் ஐவருக்கும் நிரந்தர வேலை. பிழை விட்டால் பழையபடி அரசாங்க உதவிப்பணத்துக்குப் பெனிபிட் வரிசை. இங்கிலிஷில் அதிகம் கதைப்பேன் என்று என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். கல்லில் எனக்கிருந்த ஒரே அனுபவம் சிறுநீரகத்தில்.

மதிலைப் பிரிக்கத் தொடங்குமுன்பே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எதிர் பெஞ்சில் வந்து இருந்து, பார்ப்பதும் நோட்புக்கில் எழுதுவதுமாக இருந்தார். எங்கள் ஐவரில் பிரான்சிலிருந்து வந்த சிவநேசனுக்கு உடனே விளங்கிவிட்டது.

"அண்ணை, இவர் பெனிபிட் ஒபிஸ் ஆள். ஆர் சும்மா நிக்கிறது எண்டு எழுதுறார்."

"எப்பிடித் தெரியும்?"

"சப்பாத்தைப் பாருங்கோ. பார்க்குக்கு வாறதுக்கு ஆர் இப்பிடி மினுக்கினது?"

அன்றிலிருந்து கிழவர் வந்தால் குனிந்தோம், போனால் நிமிர்ந்தோம். நான் அவர் பார்க்க ஒரே கல்லை மூன்று தரம் அளந்தேன். அதையும் எழுதினார்.

இப்போது நம்பர் இல்லை, புதன்கிழமையோ மதிலைப் பார்க்கக் கவுன்சில் இன்ஸ்பெக்டர் வருகிறார். போனில் படம் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தேன். எல்லாப் படத்திலும் மதிலை மறைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். மத்தியானம் வரை நாலு கல்தான் பொருந்தியது.

"பெயின்ற் இருக்கேக்கை வெண்கட்டியாலை எழுதச் சொல்லி ஆர் சொன்னது?" என்றான் சிவநேசன். பெயின்ற் கல்லைப் பழுதாக்கும் என்றேன். உண்மையில் பெயின்ற் தூரத்துக் கொட்டிலில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கிழவர் எழும்பி வந்தார். "சரி, முடிஞ்சுது," என்றான் சிவநேசன். என்ன தேடுகிறீர்கள் என்று கிழவர் கேட்டார். ஒபிஸ்காரர்களுக்குச் சொல்ல என்னிடம் எப்போதும் ஒரு பொய் இருக்கும். அன்று அதுவும் கழுவப்பட்டுவிட்டது. உள்ளதைச் சொன்னேன்.

அவர் நோட்புக்கைத் திறந்தார். முழு மதிலும் அதில் படமாக இருந்தது. ஒவ்வொரு கல்லின் வடிவம், உடைவு, வரிசை. அதைக் கட்டியவர்களில் ஒருவர் அவருடைய அப்பாவாம். ஏன் கீறினீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது.

"நல்ல கல்லை நீங்கள் திருடி விற்பீர்கள் என்று நினைத்தேன்."

அவரை நாங்கள் யாரென்று நினைத்தோம் என்பதை நானும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்பாவின் காலத்திலும் யார் சும்மா நிற்கிறார்கள் என்று எழுத ஒரு நோட்புக்காரன் வந்து நிற்பானாம்.

"அவன் வந்தால் அப்பா ஒரே கல்லை மூன்று தரம் அளப்பாராம். நீங்கள் அளந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் கூடியது."

அவருடைய நோட்புக்கைப் பார்த்துப் பார்த்து மதிலை அடுக்கி முடித்தோம். புதன்கிழமை இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஐவருக்கும் வேலை கிடைத்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான்: நம்பரைப் பெயின்றால் எழுதுங்கள், உங்களை நம்பாத ஆளை விரட்டாதீர்கள், உங்கள் வேலையை முழுதாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

இன்ஸ்பெக்டர் போனபின் கிழவர் மதிலோரம் நடந்து கற்களை எண்ணினார். அறுபத்துநாலும் சரியாக வந்த பிறகுதான் எனக்குக் கை கொடுத்தார்.