புஷ்பமலரைப் பாடமாக்கிய கதை

வரிசை இலக்கத் துண்டைக் கையில் எடுத்ததுமே புஷ்பமலர் அதை இரண்டாக மடிப்பாள், பிறகு நாலாக. விளிம்போடு விளிம்பு பொருந்தாவிட்டால் பிரித்துத் திரும்பவும் மடிப்பாள். கவுண்டரில் அவளுடைய முறை வருகிறபோது அது விழுங்குகிற ஒரு குளிசை அளவுக்கு வந்திருக்கும். அங்கே இருக்கிற பெண் அதை நகத்தால் பிரித்துப் பார்த்துச் சிரிப்பாள். குற்றம் கையினுடையது. ஒக்லாந்துப் புறநகரான ஒனிஹங்காவில் மோட்டல்களுக்குத் துணி வெளுக்கிற லோண்டரி ஒன்றில் நாள் முழுக்க விரிப்பு மடிக்கிற கை அது. சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது.

பதினொரு மணிக்கு அப்பொயின்மென்ற் என்றால் பத்து மணிக்கே குடிவரவுக் கந்தோரில் போய் உட்கார்ந்துவிடுவாள். "முந்திப் போனா முந்திக் கூப்பிடுவினமோ?" என்று பக்கத்துக் கதிரைக்காரி ஒருத்தி கேட்டதற்கு, "இல்லைப் பிள்ளை. ஆனா பிந்திப் போனா கட்டாயம் பிந்தித்தான் கூப்பிடுவினம்" என்றாள். எந்தக் கவுண்டரில் இருப்பவள் சிரித்துச் சிரித்தே இன்னொரு கடிதம் கேட்பாள், எந்தக் கதிரைக்கு ஹீற்றர் சூடு எட்டும், எந்த நாட்டுப் பிள்ளை அழுதால் எவ்வளவு நேரம் அழும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். புதிதாய் வருகிறவர்களுக்குக் கோயில் வாசலில் பூக்காரி வழி சொல்வதைப்போலச் சொல்லிக் கொடுப்பாள்.

மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் கரண்ட் பில், ரெலிபோன் பில், வங்கிக் கடிதம், பங்குச் சுவாமியாரின் அத்தாட்சி, கொழும்பில் எடுத்த கலியாணப் படங்கள். படங்களில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நடுவில் அவளுடைய ஊரான பேசாலையில் பாதியே நிற்கும். "கரண்ட் பில்லில எங்கட ரெண்டு பேரின்ர பேரும் ஒட்டிக்கொண்டு கிடக்கு. படத்தில கூட நாங்கள் இவ்வளவு கிட்ட நிக்கேல்லை" என்பாள். சிரிக்காமல்தான் சொல்வாள்.

புருசன் சில்வெஸ்ரர், யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர், டாக்சி ஓட்டுகிறார். சண்டை தொடங்கிய காலத்திலேயே நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்த ஆள். படம் பார்த்துச் சம்மதித்து, மூன்று கிழமை லீவில் கொழும்புக்குப் பறந்து, தாலி கட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். அவள் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்து, தொண்ணூற்றைந்தில்தான் ஒக்லாந்துக்கு வந்தாள். லின்ஃபீல்டில் இரண்டு அறை வீடு, வாடகைக்கு. வந்தவளுக்குத் தந்த வதிவிட அனுமதியில் ஒரு நிபந்தனை தொங்கியது. இரண்டு வருடம் உண்மையான புருசன் பெண்சாதியாய் வாழ்ந்து காட்ட வேண்டும். காட்டினால் நிபந்தனையை எடுத்துவிடுவார்கள். காட்டாவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான்.

வந்த வழி என்று ஒன்று இருந்தால்தானே. பேசாலை வீட்டில் இப்போது ஆமி இருக்கிறது. தாய் கடலுக்கு அக்கரையில், மண்டபம் அகதி முகாமில் ஒரு தகரக் கொட்டிலில் இருக்கிறாள். நிபந்தனை போனால் தாயைப் போய்ப் பார்த்துவிட்டுப் பயமில்லாமல் திரும்பி வரலாம், பிறகு இங்கே கூப்பிடவும் எழுதிப் போடலாம். புஷ்பமலர் அப்பொயின்மென்றுக்கு அப்பொயின்மென்ற் அரை நாள் லீவெடுத்து, மேற்பார்வைக்காரியின் முகத்தைச் சகித்துக்கொண்டு அந்தக் கதிரையில் குந்தியிருந்தது இதற்காகத்தான்.

அவளுக்குப் பயமே இருக்கவில்லை. சில்வெஸ்ரரைக் கரைத்துக் குடித்தவள் அல்லவா? அவருடைய கழுத்தளவு, எந்தக் காது மந்தம், தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் குறட்டை, எந்தச் சித்தப்பாவோடு எந்தக் காணிக்காகக் கதை இல்லை, எல்லாம் நுனிநாக்கில். கேட்கட்டும் என்றுதான் போனாள்.

கேட்டார்கள். இருவரையும் வேறு வேறு அறையில் வைத்துக் கேட்டார்கள். சில்வெஸ்ரருக்கு இங்கிலிஷ் வரும். அவளுக்கு மொழிபெயர்க்கப் பூங்கோதை என்ற திருச்சிக்காரி வந்திருந்தாள்.

"நேத்து ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்து என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கிறாங்க."

"சேர்ந்தோ?" புஷ்பமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவர் சாப்பிட்டு எழும்பின பிறகுதானே நான் சாப்பிடுறது? அவர் சோறும் மீன்குழம்பும். எனக்குப் பாண் இருந்தது."

"ஆமா, எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்று பூங்கோதை மெல்லச் சொன்னாள். அதை மட்டும் அவள் மொழிபெயர்க்கவில்லை.

மற்ற அறையில் சில்வெஸ்ரர் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் சோறும் மீனும் என்றாராம். மனைவியின் பிறந்த மாதம்? ஏப்ரல் என்றாராம். அவள் பிறந்தது ஆவணியில். அவளுக்கு ஒத்துவராத சாப்பாடு? அவள் எல்லாம் சாப்பிடுவாள் என்றாராம். கத்தரிக்காய் தொண்டையைக் கடிக்கும் என்று கிழமைக்கு ஒரு தடவை அவருக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டுத் தான் சொதியோடு முடித்துக்கொள்கிறவள் அவள். கடைசியாக எப்போது வைத்தியரிடம் போனாள்? போகவில்லை என்றாராம். போன மாதம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு பஸ்ஸில் வந்து, அன்று இரவும் சோறு போட்டவள். கூடப்பிறந்தவர்கள்? அவர் மூன்று என்றார். அவள் நாலு என்றிருந்தாள்.

கடிதம் மரியாதையாகத்தான் வந்தது. இருவரும் ஒரே வாழ்க்கையை வாழ்கிறார்கள் என்பதில் தங்களுக்குத் திருப்தி இல்லை, திரும்பவும் அழைப்போம், அதுவரை தற்காலிகமாக இருக்கலாம் என்று இருந்தது. கேள்வி கேட்ட அதிகாரியைக் குறை சொல்ல வழியில்லை. அவள் உள்ளதைத்தான் கண்டுபிடித்தாள். இத்தனைக்கும் கலியாணம் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் இரண்டு பேரும் ஒழுங்காகப் பாடமாக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். கந்தோர் இடித்தது போதாதென்று வீட்டில் சில்வெஸ்ரரும் தொடங்கினார். "உமக்கு வாயை வைச்சுக்கொண்டு இருக்கத் தெரியாதோ? ஓம், சேர்ந்துதான் சாப்பிட்டனாங்கள் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?"

"நீங்கள் ஆவணி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாலும் காணும்." இதை அவள் சட்டிக்குள் குனிந்து சொன்னாள். மந்தமான காதுப் பக்கம்தான் அவர் நின்றார்.

ஆனால் சில்வெஸ்ரர் தோற்கப் பிடிக்காத மனிதர். பெண்சாதியைத் திருப்பி அனுப்பினால் கோயிலில் நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது? "சரி, கேளும். என்னென்ன கேப்பினமோ எல்லாத்தையும் கேளும், நான் பாடமாக்கிறன்" என்று குசினிக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் வினா விடை ஒப்பித்த பழக்கம் இரண்டு பேருக்கும் உண்டு. அதே ராகத்தில் தொடங்கினார்கள்.

"புஷ்பமலர் எந்த மாதம் பிறந்தவ?"

"புஷ்பமலர் ஆவணி மாதம் பிறந்தவ."

"அவவுக்கு எந்த மரக்கறி ஒத்துவராது?"

"அவவுக்குக் கத்தரிக்காய்..." என்றவர் நிறுத்தி, "உண்மையாவோ? அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றார்.

"நீங்கள் கேக்கேல்லையே."

வெளியே மழை. உள்ளே வெங்காயம் வதங்கியது. சமையல் முடியும்வரை அவள் கேட்டுக்கொண்டிருப்பாள், அவர் ஒப்பித்துக்கொண்டிருப்பார். சில நாளில் புஷ்பமலர் கள்ளத்தனமாய், எந்த அதிகாரியும் கேட்கவே மாட்டாத கேள்விகளையும் இடையில் செருகத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே வாங்கில் இருந்தவள் பெயர் என்ன? சின்னனில் எதற்குப் பயம்? கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கப் பயம். "இதெல்லாமோ கேப்பினம்?" என்று அவர் முறைப்பார். "கேட்டாலும் கேப்பினம். இவையளை நம்பேலாது" என்பாள். பாவம், ஒரு மனிதரைத் தன்னை அறியவைக்க அவளுக்கு ஒரு அரசாங்கம் தேவைப்பட்டது. அந்த நாட்களில் ஒனிஹங்கா லோண்டரியில் அவள் வாய்க்குள் பாடிக்கொண்டு விரிப்பு மடித்தாள் என்றும், சம்பளம் கூட்டிவிட்டார்களோ என்று கூட வேலை செய்யும் தொங்கா நாட்டுக்காரி கேட்டாள் என்றும் சொல்கிறார்கள்.

ஒரு நாள் அவரே கேட்டார். "அந்த நாலாவது ஆள் ஆர்?"

அவள் அடுப்பை நிற்பாட்டினாள். தம்பி யூட். தொண்ணூறாம் ஆண்டு பேசாலைக் கரையில் இருந்து அக்கரைக்குப் படகேறியவன். படகும் போய்ச் சேரவில்லை, அவனும் போய்ச் சேரவில்லை. "என்ர செருப்பை உள்ளுக்கு எடுத்து வை அக்கா, மழை வரப்போகுது எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்" என்றாள். "உடம்பு கிடைக்கேல்லை. அப்ப எப்பிடி நான் மூண்டு எண்டு சொல்லுறது?" சில்வெஸ்ரர் சாப்பிட்டு முடித்ததும் தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். கலியாணம் கட்டி அதுதான் முதல் தடவை. அன்றிரவு அவள் நன்றாக நித்திரை கொண்டாள்.

பிறகு பழையபடி காத்திருப்பு. ஒரு தேதி தந்தார்கள், மாற்றினார்கள், பிறகு அதையும் மாற்றினார்கள். குளிர்காலம் வந்தது. "இருக்கச் சொன்னா இருப்பம். காத்திருக்கிறதுக்குக் காசா, பணமா?" என்றாள் புஷ்பமலர். ஆனால் தபால்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்புகிறபோது கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள்.

இரண்டாவது விசாரணையில் அவளிடம் அதிகம் கேட்கவில்லை. சில்வெஸ்ரர்தான் உள்ளே நெடுநேரம் இருந்தார். கதவு திறந்தபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன, கையில் கண் துடைத்துக் கசங்கிய ரிசுக் கடதாசி. அவருக்குப் பின்னால் வந்த அதிகாரி நேரே புஷ்பமலரிடம் வந்து, அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்து, உன் தம்பிக்காக மிகவும் வருந்துகிறேன் என்றாள். அவ்வளவு இங்கிலிஷ் புஷ்பமலருக்கு விளங்கும். ஏழு வருடமாக யாரும் அவளிடம் சொல்லாத சொல் அது. நிபந்தனை நீக்கப்படுகிறது, முத்திரை குத்தப் பாஸ்போர்ட்டைத் தந்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னாள்.

லிஃப்டில் புஷ்பமலர் புருசனைப் பார்த்தாள். இந்த மனிசன் என் தம்பிக்காக அழுதிருக்கு என்று நினைத்தாள். இத்தனை வருடத்துக் கோபமும் அந்த லிஃப்டோடு கீழே இறங்கியது. தாய்க்கு இன்றைக்கே கடிதம் போட வேண்டும், மருமகன் யூட்டுக்காக அழுதவர் என்று எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். வழக்கத்துக்கு மாறாக அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கார் நிறுத்துமிடம்வரை நடந்தாள்.

டாக்சி தெருவுக்கு ஏறியதும் சில்வெஸ்ரர் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "எப்பிடி? பார்த்தீரே என்ர கெட்டித்தனத்தை!"

அவள் விளங்காமல் பார்த்தாள்.

"பிறந்தநாள், பல்லு, கத்தரிக்காய், ஒண்டுக்கும் அவள் மசியேல்லை. எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகுதான் தம்பியை எடுத்து விட்டன். மெல்லமாக் கண்ணையும் கசக்கினன். செருப்புக் கதை சொன்னன் பாரும், அவளே ரிசு எடுத்துத் துடைச்சாள். அதோட சரி, பேனையை மூடி வைச்சிட்டாள்." அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நடுவில ஒரு இடத்தில அவன்ர பேர் மறந்து போச்சு. அன்ரனோ, யூட்டோ? நான் விடுவனே, மை பிரதர், மை பிரதர் எண்டே சமாளிச்சிட்டன். வழியில ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு போவம். பின்னேரம் நாலு பேரைக் கூப்பிட வேணும்."

சிவப்பு விளக்கில் டாக்சி நின்றது. புஷ்பமலர் பெல்ற்றைக் கழற்றிக் கதவைத் திறந்து இறங்கினாள்.

"என்னப்பா, எங்க இறங்கிறீர்? பச்சை விழப்போகுது!"

பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. அவள் அவசரப்படவில்லை. முன் கதவைச் சாத்திவிட்டு, பின் கதவைத் திறந்து, பிரயாணிகள் இருக்கிற சீற்றில் ஏறிச் சாரியை உள்ளே இழுத்துக்கொண்டாள். பெல்ற்றைப் போட்டாள். கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவரைப் பாராமல், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஒனிஹங்கா" என்றாள்.