கலியமூர்த்தி மேல் விழுந்த பழி

திரௌபதிக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், சூளையிலிருந்து வரும் கப்புகளைச் சுண்டிப் பார்த்துக் கீறல் கண்டுபிடிப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பார்வை மாறாது. பாலை மோந்து பார்க்காமல் அடுப்பில் வைக்கமாட்டாள். கொல்லையில் குட்டி போட்ட சாம்பல் பூனையிடம் மட்டும்தான் அவளுக்குச் சந்தேகமில்லை.

முதலில் கறுப்புக் குட்டி பால் குடிக்காமல் சுருண்டது. வாந்தி, கழிச்சல். விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடந்தது. அடுத்து வெள்ளையும் அப்படியே போனது.

பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி, கோழிக்குஞ்சைப் பூனை தூக்கிவிட்டதென்று போன வாரம்தான் கத்தியிருந்தார். அது போதாதா? மதிலோரம் நின்று கேட்டேவிட்டாள்.

"கொல்லையில வெச்ச பால்ல என்னாத்தண்ணே கலந்தீங்க? பச்சக் குட்டிங்க என்னா பாவம் பண்ணுச்சு?"

"ஏம்மா, எனக்கு வேற வேல இல்லியா? சாமி சத்தியமா நான் அந்தப் பக்கமே வரல."

அவள் முகத்தைப் பார்க்காமல் அவர் உள்ளே போனது இன்னும் உறுத்தியது.

மிஞ்சிய செவலைக் குட்டியும் துவண்டதும், மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் சண்முகப்ரியா கழிச்சலைச் சோதித்துப் பார்த்தார்.

"விஷமில்லம்மா. பூனைங்களுக்கு வர்ற வைரஸ் நோய். ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தொத்திக்கும். வெளிப் பூன எதனா வூட்டுக்கு வந்துச்சா?"

திரௌபதிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பேட்டை வாசலில் முனகிக் கிடந்த குட்டியொன்றை முந்தானையில் சுற்றி எடுத்து வந்து, இந்தக் குட்டிகளோடு ஒரே கூடையில் விட்டது அவள்தான். அது சீக்கிரமே செத்தது. தாயில்லாக் குறை என்று நினைத்திருந்தாள்.

"நான்தான் ஒண்ணு கொண்டாந்தேன்" என்றாள் மெதுவாக.

"அந்தக் கூடை, துணி எல்லாத்தையும் கொளுத்திடுங்க. தரைய ப்ளீச்சிங் பவுடர் கரைச்சுக் கழுவி, நல்ல தண்ணில அலசுங்க. கிருமி மாசக்கணக்கா தங்கும். இது பொழச்சா சில வாரம் விட்டு விட்டுத் தடுப்பூசி போடணும். தாய்க்கும்தான். இனிமே புதுக் குட்டி வந்தா தனியா வெச்சுப் பாருங்க."

குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற, செவலை கண் திறந்தது.

அவள் கொல்லையைக் கழுவியபோது, காட்டமான வாசனை பிடித்துக் கலியமூர்த்தி எட்டிப் பார்த்தார்.

"என்னாத்த ஊத்துற? என் கோழிங்களுக்கு விஷமா?"

"கிருமி மருந்துண்ணே. நான் கொண்டாந்த குட்டியாலதான் நோவு வந்துருக்குது. உங்கள வீணா பேசிட்டேன்."

அவர் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அடைத்தார். செவலை தடுப்பூசிகளெல்லாம் போட்டுக்கொண்டு மதில் ஏறத் தொடங்கிய பிறகும், அவளை நம்பி அவர் அந்தப் பக்கம் கோழிகளை மேயவிடவே இல்லை.