மூன்று முறை உடைந்த ஜாயிண்ட்

செங்கோட்டையிலிருந்து புனலூருக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லாரி என்னுடையது, ஓட்டுவதும் நான்தான். கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டில் யுனிவர்சல் ஜாயிண்ட் என்று ஒன்று உண்டு. பல வருஷம் உழைத்து அது தேய்ந்துபோக, தென்காசியில் பெயர் பெற்ற ஒரு மெக்கானிக்கிடம் மாற்றினேன். எதற்காகப் பெயர் பெற்றார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இரண்டே மாதத்தில், ஆரியங்காவு ஏற்றத்தில் புது ஜாயிண்ட் நொறுங்கியது. மெக்கானிக் ஸ்டூலை விட்டு எழாமலே தீர்ப்பு சொன்னார்.

"கிளச்சை டப்புன்னு விடுதீரு அண்ணாச்சி. ஏத்தத்துல ஓட்டத் தெரியணும்லா?"

இருபது வருஷமாக அந்த மலையில் ஓட்டுகிறவன் நான். அவரோ குற்றாலத்துக்கே ஷேர் ஆட்டோவில் போகிறவர்.

மறுபடி மாற்றினார். "நாப்பதைத் தொட்டா வண்டி நடுங்குது" என்றேன். "ரோடு அப்படி" என்றார். அதுவும் உடைந்தது. தண்டு கழன்று ரோட்டை உழுதது. மழையில் நின்ற வண்டியில் தக்காளி முழுக்க அழுகியது. மூன்றாவது ஜாயிண்டைப் போட்டுவிட்டு இந்த முறை அவர் கண்டுபிடித்த காரணம்: "கண்ணு பட்டிருக்கு. எலுமிச்சம்பழம் கட்டும்." கட்டினேன். அந்த வெட்கக்கேட்டையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மூன்றாவதும் உடைந்ததும் தண்டை நானே கழற்றி வீட்டு வாசலில் போட்டுத் துடைத்தேன். தையல் வேலை பார்க்கும் என் மனைவி குனிந்து பார்த்தாள்.

"இங்கன பாருங்க. இந்தத் துண்டுல பொறிச்சிருக்க அம்புக்குறி மேல நிக்குது, அதுல பக்கவாட்டுல போவுது. ரெண்டும் நேரா சேர வேண்டாமா?"

அவ்வளவுதான் விஷயம். தண்டு, பல்வரிசை வழியாக ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரு துண்டு. முதல் நாளே அந்த மேதை அதைப் பிரித்து, சில பல் தள்ளிச் செருகியிருக்கிறார். ஜாயிண்டைப் பிடிக்கும் இரு முனைக் கவைகளும் ஒரே வாக்கில் நிற்காததால், ஒவ்வொரு சுற்றிலும் ஜாயிண்ட் உதை வாங்கியிருக்கிறது. அம்புகளை நேர்படுத்திச் சேர்த்து, புது ஜாயிண்ட் போட்டேன். நடுக்கம் நின்றது. இரண்டு வருஷமாக உடையவில்லை.

பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அம்பெல்லாம் கம்பெனிக்காரன் அழகுக்குப் போடுதான்."

அப்போது அங்கே ஒரு டிப்பரின் தண்டு பிரித்துக் கிடந்தது. அதன் டிரைவரை வெளியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். "பெரிய மெக்கானிக்லா அண்ணாச்சி! அவருக்குத் தெரியாதா?" என்று சிரித்தான்.

நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.