ஆட்சேபணை எதுவும் வரவில்லை

எங்கள் ஊரை அழகாக்கியவர்களில் நானும் ஒருவன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஜவ்வாது மலைக்கு ஒருபுறம் போளூர், மறுபுறம் திருப்பத்தூர். இரண்டும் இல்லாத ஓர் அடிவார நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே தலைமை எழுத்தர். எம்.ஏ. படித்தவன். நான் எழுதிய குறிப்பை மேலிடத்தில் யாரும் திருத்த மாட்டார்கள் என்ற கர்வம் எனக்கு இருந்தது. இந்தக் கதைக்கு அந்தக் கர்வம்தான் காரணம்.

அப்போது நகராட்சிக்குத் தேர்தல் கிடையாது. கவுன்சிலர்களின் தொந்தரவு இல்லாமல் ஊரை ஆள ஒரு தனி அலுவலர் இருந்தார். குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது. சாக்கடைகள் தங்களுக்குத் தோன்றிய திசையில் ஓடின. இவற்றையெல்லாம் ஆழ்ந்து யோசித்த தனி அலுவலர், ஊருக்கு உடனடித் தேவை ஒரு நீரூற்றுப் பூங்கா என்ற முடிவுக்கு வந்தார். திட்டத்துக்கு நகர அழகுபடுத்தும் திட்டம் என்று பெயர். பெயர் வைத்தவன் நான்.

பூங்காவுக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த காலி மனை. அங்கேதான் மலை பஸ் நிற்கும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மலைக்காரர்கள் புளிக்கூடையும் சாமை மூட்டையுமாக இறங்குவார்கள். சிலர் நோயாளியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கி, ரோட்டைக் கடந்து ஆஸ்பத்திரிக்குள் நுழைவார்கள். இதைவிட வசதியான பஸ் நிறுத்தம் அந்த ஜில்லாவிலேயே இருந்திருக்காது. யாரும் திட்டமிடாததால் அப்படி அமைந்திருந்தது.

"ஊருக்குள்ள வர்றவன் கண்ணுல மொதல்ல படுறது இன்னா? புளி மூட்டையும் ஆட்டுப் புழுக்கையும்" என்றார் தனி அலுவலர். "மலை பஸ்ஸ சந்தை மைதானத்துக்குத் தள்ளுங்க."

மாட்டுச் சந்தை மைதானம் ஊருக்கு வெளியே இரண்டு மைல்.

நிறுத்தத்தை மாற்றுவதற்கு முன் பாதிக்கப்படுகிறவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. கேட்டால் போதும். கேட்டபடி நடக்க வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் இல்லை. ஒரு நாள் ஜீப்பில் மலை மேலிருந்த ஊருக்குப் போனேன். ஊர் நடுவே ஒரு கட்டிலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அறிவிப்பை உரக்கப் படித்தேன். நாற்பது ஐம்பது பேர் குந்தியபடி கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஊர்க் கவுண்டர்தான் அந்த ஊருக்குத் தலைவர். ஒல்லியான மனிதர், அறுபது வயதிருக்கும்.

"கேட்டுக்கினோமுங்க. ஊர் கூடிப் பேசிட்டு வந்து சொல்றோம்" என்றார்.

"இப்பவே எல்லாரும் இருக்காங்களே?"

"அறுப்புக்குப் போனவங்க பாதிப் பேரு வரலீங்க. அவங்கள வுட்டுட்டுப் பேச முடியுமா?"

"ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் எழுதிக்கினு போயிடுவேன்."

அவர் சிரித்தார். "பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கே நாங்க அன்னிக்குப் பதில் சொல்ல மாட்டோமுங்க. நீங்க பஸ்ஸையே கேட்டு வந்துகிறீங்க."

கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கீழே வந்து இப்படி எழுதினேன்: 'அறிவிப்பு நேரில் வாசிக்கப்பட்டது. வந்திருந்தோர் அனைவரும் அமைதியாகக் கேட்டனர். ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கப்படவில்லை.' அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எம்.ஏ. படித்தது வீண் போகவில்லை.

ஆட்சேபணைக்குக் கெடு முடிந்து இரண்டாம் நாள் ஊர்க் கவுண்டர் நாலு பேரோடு வந்தார். அன்று பஸ் பழுது என்பதால் மலையிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். பியூன் அவர்களை மத்தியானம்வரை வெளியே உட்கார வைத்திருந்தான். உள்ளே வந்ததும், பாடம் ஒப்பிப்பதுபோல நின்றபடி ஊர் சொன்னதைச் சொன்னார்.

"வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணுமுங்க. சீக்காளிய தூக்கிக்கினு ரெண்டு மைலு நடக்க முடியாது. பூவு பாக்கணும்னா மலையில நெறைய கெடக்குது, எல்லாரும் வந்து பாத்துட்டுப் போங்க. சோறும் போடறோம். இதாங்க ஊர் சொன்னது."

"கெடு முடிஞ்சு போச்சே பெரியவரே. ஃபைல் சென்னைக்குப் போயிடுச்சு" என்றேன்.

ஃபைல் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. என் முழங்கால் அந்த இழுப்பறையில் இடித்துக்கொண்டிருந்தது. மறுநாள்தான் அனுப்புவதாக இருந்தேன். எடுத்து ஒரு பக்கம் சேர்த்திருக்கலாம். சேர்த்தால் நாலு கார்பன் வைத்து மறுபடி டைப் அடிக்க வேண்டும். டைப்பிஸ்ட் முணுமுணுப்பார். தனி அலுவலர், "ஆட்சேபணை இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்பார். இவ்வளவுதான் காரணம். லஞ்சம் வாங்கியிருந்தால்கூடச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமான காரணமாக இருந்திருக்கும்.

"முன்னாடியே வந்திருக்கணும்" என்று வேறு சொன்னேன்.

"ஆமாங்க, எங்க தப்புதான்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பூங்கா திறப்பு விழா பிரமாதமாக நடந்தது. நீரூற்றுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். போட்டோ எடுத்து முடிக்கும்வரை அது பீச்சியது. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் மறுநாள் குடத்தோடு வந்து தொட்டியில் மிச்சமிருந்ததை மொண்டுகொண்டு போனார்கள். ஊர் மக்களுக்குப் பூங்காவால் கிடைத்த முதல் பயன் அது. கடைசிப் பயனும் அதுதான். பிறகு ஆடு நுழைகிறது என்று முள்கம்பி போட்டுக் கதவைப் பூட்டினோம். 'பூக்களைப் பறிக்காதீர்' என்று பலகை வைத்தோம். பறிக்கப் பூ இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஊர்க் கவுண்டரைப் பாம்பு கடித்தது. காலை பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். பஸ் சந்தை மைதானத்தில் இறக்கிவிட்டது. அன்று சந்தை இல்லாததால் ஒரு மாட்டு வண்டிகூட அங்கே இல்லை. வேட்டியில் தூளி கட்டி இரண்டு பேர் சேற்றில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிந்த பிறகும் முள்கம்பியைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. உயிர் பிழைத்தார். பிறகு வேலூருக்குக் கொண்டுபோய் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்று எங்கள் ஊர் டாக்டர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். அதே வார்த்தையை நானும் சொல்லியிருந்தேன்.

வேலூரிலிருந்து திரும்பியதும் புண் ஆறும்வரை அவர் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தார். ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் பூங்கா தெரிந்தது.

"வாங்க சார். பதில் சொல்ல வந்தப்போ மலையிலிருந்து நடந்தே வந்தேன். இப்போ பாருங்க" என்று சிரித்தார். பிறகு, "அன்னிக்கு நாங்க சொன்னது ஃபைல்ல ஏறுச்சுங்களா? லேட்டா வந்தோம்னு எனக்கு மனசே ஆறல" என்றார்.

"ஏறுச்சு" என்றேன்.

"அது போதுங்க. ஊர்ல கேட்டாச் சொல்லிக்கலாம்."

நான் கத்தோலிக்கன். எத்தனையோ வருஷம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கறி சாப்பிட்டதை, மனைவியிடம் எரிந்து விழுந்ததை எல்லாம் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. முதல் பொய்யை அலுவலக வேலை என்றும் இரண்டாவதை ஆறுதல் என்றும் கணக்குச் செய்துகொண்டேன். அவர் ஊருக்குப் போய், லேட்டாக வந்தாலும் சார் நம் பேச்சை எழுதிவிட்டார் என்று சொல்லியிருப்பார். அடுத்த அறுப்புக்கு அந்த மலையில் என்னைப் பற்றி நன்றியோடு நாலு பேர் பேசியிருப்பார்கள்.

அது ஏறவில்லை, பெரியவரே. நீங்கள் லேட்டாகவும் வரவில்லை. நீங்கள் பேசி முடித்துக் கும்பிட்டபோதும் ஃபைல் என் இழுப்பறையில்தான் இருந்தது.