அப்பா மூடிய டிக்கி

சென்ற ஆண்டு, புரட்டாசி முடியும் நேரம். ஐப்பசி முகூர்த்தங்களுக்கான பட்டுப் புடவைகள் தறியிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தன. ஒரு வார விடுமுறையில் சென்னையிலிருந்து ஆரணிக்கு வந்திருந்த நான், மறுநாள் காலை தெருவில் கேட்ட சத்தத்தில்தான் கண்விழித்தேன். எட்டிப் பார்த்தால், நான்கு பேர் எங்கள் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்பா.

“இன்னாண்ணா, இன்னிக்கும் தேர் இழுக்கணுமா?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்க, தெருவே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் கார் கண்ணாடியை மெல்ல ஏற்றிவிட்டார்.

பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் வீட்டிலேயே தறி போட்டிருப்பவர்களிடம் பாவு நூலும் பட்டும் கொடுத்து, நெய்த புடவைகளை வாங்கி வருவது அவர் தொழில். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் பைக் ஓட்ட முடியாது. அந்தப் பழைய கார்தான் அவருக்குக் கால். அதுவோ, ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி. புது பேட்டரி போட்டும் அதே கதை. மெக்கானிக் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, “எங்கிட்ட நல்லாத்தான் ஸ்டார்ட் ஆவுது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

“பேஜார் புடிச்ச வண்டிம்மா. ஞாயித்துக்கிழம ஒருத்தரு வந்து எடுத்துக்கறேன்னாரு” என்றார் அப்பா. விற்றுவிட்டால், யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் அவர் வெளியே போக முடியும். அதை அவர் சொல்லவில்லை. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஞாயிறு வரை என்னிடம் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன். பேட்டரி, ஆல்டர்னேட்டர், ரிலே, வயரிங், பிற்பாடு வெளியில் வாங்கிப் பொருத்திய பாட்டுப் பெட்டி. ஐந்து சந்தேகங்கள். கருவிப் பையை டிக்கியில் போட்டு மூடிவிட்டு, பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை வைத்தேன். வண்டி சும்மா நிற்கும்போது எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அது காட்டிவிடும். அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தால், எல்லா வண்டிகளிலும் இருக்கிற சொற்ப அளவுதான். இருந்தாலும் பாட்டுப் பெட்டியின் மேல் எனக்கு ஒரு கண். அதன் ஃப்யூஸை எடுத்துவிட்டேன்.

மறுநாள் முதல் சாவித் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. தினமும் மாலை டிக்கியிலிருந்து கருவிகளை எடுத்து மூடிவிட்டு அளந்து பார்ப்பேன், பிறகு பையைத் திரும்பப் போட்டு மூடிவிட்டு வருவேன். மூன்று காலையும் ஒரு சிக்கலும் இல்லை. குற்றவாளி பாட்டுப் பெட்டிதான் என்று வீட்டில் அறிவித்தேன். வியாழன் மாலை அளந்து பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு நிச்சயம். பாட்டே இல்லாமல் முள்ளிப்பட்டு போய் வந்த அப்பா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வண்டி அசையவில்லை. முகூர்த்தப் புடவையோடு முள்ளிப்பட்டில் நெசவாளர் காத்திருந்தார். மறுபடி நான்கு பேர், மறுபடி தேர்.

“வுடும்மா, நீயும் எவ்ளோதான் பாப்ப. குடுத்துடலாம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் அப்பா. நான் நோட்டோடு உட்கார்ந்தேன்.

“இன்னும் என்னத்த எழுதிகினு இருக்க?” என்றார் அம்மா. “நாலு நாளா வண்டி வயித்த அறுத்துப் பாத்துட்ட. ஓட்டற மனுசன ஒரு வார்த்த கேட்டியாடி?”

கேட்கவில்லை. என் பட்டியலில் அப்பாவுக்கு ஒரு வரிகூட இல்லை.

அன்று மாலை அவர் வந்ததும், தினமும் செய்வதைப் போலவே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன். இருட்டத் தொடங்கியிருந்தது. என்ஜினை நிறுத்தினார். விளக்குகளை அணைத்தார். டிக்கியிலிருந்து துணியில் சுற்றிய புடவைகளை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். திரும்பி வந்து, காலி டிக்கியின் மூடியை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்து, உள்ளே குழந்தை தூங்குவதைப் போல இறக்கி வைத்தார். ‘க்ளிக்’ என்று ஒரே ஒரு சத்தம்.

மூடியதுபோலத்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன். இடுக்கில் சரிகை இழை போல மஞ்சள் வெளிச்சம். மூடி முழுதாகப் பூட்டவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது. டிக்கி திறந்திருப்பதாக எண்ணி, காரின் மற்ற மின் பாகங்களும் விடிய விடிய விழித்திருந்திருக்கின்றன. மீட்டரை வைத்ததும் எண்கள் குதித்தன.

பட்டு இருக்கும் வீட்டில் எந்த மூடியையும் யாரும் அடித்து மூடுவதில்லை. மடிப்பு சிக்கினால், சரிகை நசுங்கினால், புடவை போனதுதான். விடுதி வாழ்க்கையில் அதை மறந்தவள் நான். டமாரென்று மூடுவேன். மெக்கானிக்கும் அப்படித்தான் மூடியிருப்பார். அதனால் எங்கள் இருவரிடமும் வண்டி ஒழுங்காக இருந்திருக்கிறது.

“இனிமே அடிச்சி மூடுங்கப்பா.”

“காலியா இருந்தாலும் கை வர்லம்மா” என்றார், தப்பு செய்தவர் போல.

வேறு வழி கண்டுபிடித்தோம். இறக்கி வைத்த பிறகு உள்ளங்கையால் ஓர் அழுத்து. இரண்டாவது ‘க்ளிக்’ கேட்கும்வரை. பாட்டுப் பெட்டியின் ஃப்யூஸைத் திரும்பப் போட்டு, அதனிடமும் அப்பாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தவருக்குக் காப்பி கொடுத்து, “வண்டிக்கு ஒண்ணும் இல்லீங்க, கோளாறு எங்கிட்டதான்” என்று அப்பா சிரித்தபடி அனுப்பி வைத்தார். அன்று கண்ணாடியை இறக்கிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று ஓட்டியும் காட்டினார்.

நான் சென்னை திரும்பிய பிறகும் சில மாலைகளில் போன் செய்வார். “ரெண்டு சத்தமும் கேட்டுச்சிம்மா.” அவ்வளவுதான் செய்தி.

இப்போது அலுவலகத்தில் எந்தப் பழுதுக்குப் பட்டியல் போட்டாலும், அதைப் பயன்படுத்துபவருக்கென்று முதல் வரியை விட்டுவைக்கிறேன். அந்த வெற்று வரியைப் பார்க்கும்போதெல்லாம், ஒன்றுமே இல்லாத டிக்கியையும் அலுங்காமல் மூடத் தெரிந்த அந்த இரண்டு கைகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.