பத்தாவது துண்டு

1943 நவம்பர் 22, திங்கட்கிழமை, மாலை ஆறே கால் மணி. மலையை விட்டு இறங்கிய சாரல், சுருளிப்பட்டிச் சாவடியின் தகரக் கூரையில் பொரி வறுப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நனைந்த கம்பளி வாடையும் பேட்டரியின் புளித்த நெடியும் கலந்து என் மூக்கில் ஏறின. சண்டைச் செய்தி கேட்பதற்காகச் சர்க்கார் கொடுத்த ரேடியோ அங்கே மரப்பெட்டிக்குள் இருந்தது. ஊர் காத்திருந்ததோ, செய்தி முடிந்ததும் திருச்சியிலிருந்து வரும் நாட்டுப்புறப் பாட்டுக்காக.

எனக்கு வயது பதினொன்று. நடவுப் பாட்டிலும் தெம்மாங்கிலும் எனக்கு நாட்டம் கிடையாது. நடந்த கொலையை நடந்தபடியே உடுக்கை அடித்துப் பாடும் "கொலைச் சிந்து"தான் என் உயிர். விழுந்த வெட்டு எத்தனை என்று விரல் மடக்கிக்கொண்டே கேட்பேன்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு சிந்து இருந்தது. நான் பிறந்த வருசம், முறைத்தண்ணீர்த் தகராறில் என் சித்தப்பா வீரணனை வெட்டிப் போட்டார்கள். அன்று இரவு அவரும் அப்பாவும் மடைக்குக் காவல் இருந்திருக்கிறார்கள். அப்பா காவல் குடிசையில் தூங்கிவிட்டார். விடிந்து பார்த்தால் தம்பியின் உடல் ஒற்றைப் பனைக்கு அந்தப் பக்கம், மேற்கே வெகுதூரத்தில் கிடந்தது. ஐந்து வெட்டு, ஐந்தும் முதுகில். ஓடும்போது வெட்டுப்பட்டவன் என்று ஊர் முடிவு கட்டியது. அண்ணனைத் தனியே விட்டுவிட்டு ஓடினவனின் வீடு என்பதைவிடப் பெரிய இழிவு அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வேறு இல்லை.

இரண்டு வருசம் கழித்து உடுக்கைக்காரர் சங்கிலி அந்தக் கொலையைச் சிந்தாகக் கட்டினார். செத்தவனுக்கு இழுக்கான வரி வரும்போது, அவன் வீட்டார் எழுந்து தோள் துண்டை உடுக்கையின் மேல் போடலாம். பாடுகிறவர் அந்த இடத்தை விட்டுவிட்டு, துண்டைத் தாம் எடுத்துக்கொண்டு, அடுத்த கட்டத்துக்குத் தாவ வேண்டும்; விட்ட இடத்தைப் பற்றி அந்த வீட்டாரிடம் பிறகு வாய் திறக்கவும் கூடாது. இது எழுதாத சட்டம். ஒவ்வொரு வருசமும் திருவிழாவில் "ஓடினானே" என்று அவர் வாயெடுத்ததும் அப்பா துண்டைப் போட்டுவிடுவார். அப்படிப் போட்ட துண்டுகள் ஒன்பது. புதுத்துண்டாக எடுத்து வைத்து அனுப்புவது அம்மாவின் வேலை.

அன்று ரேடியோவில் உடுக்கை அதிர்ந்தவுடனேயே அது சங்கிலியின் கை என்று தெரிந்துவிட்டது. ரயிலேறித் திருச்சிக்குப் போய்ப் பாடியிருக்கிறார். கூட்டம் பெருமையாகத்தான் கேட்டது. மடை வந்தது, காவல் வந்தது, அரிவாள் வந்தது.

*ஓடினானே மேக்காக – ஒத்தப் பனை தாண்டி ஓடினானே*

அப்பா எழுந்தார். நிதானமாகப் போய், பத்தாவது துண்டை உதறி, ரேடியோப் பெட்டியின் மேல் போட்டார். போட்டுவிட்டு, பாட்டு நிற்பதற்காகக் கைகட்டிக் காத்து நின்றார். உடுக்கை நிற்கவில்லை. துண்டுக்குள்ளிருந்து "ஓடினானே" என்று இரண்டாம் முறையும் வந்தது. சாவடியில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், மொக்கையனைத் தவிர. அவன் வெட்டியவர்களின் பங்காளி.

"என்ன மச்சான், பெட்டிக்குக் குளிருதுன்னா போத்துற? எதப் போத்துனாலும் உன் தம்பி ஓட்டம் நிக்காதுய்யா" என்று சொல்லிச் சிரித்தான்.

அப்பா பெட்டியை ஒரே உதையில் தள்ளினார். கண்ணாடிக் குழல்கள் நொறுங்கின, பேட்டரித் திராவகம் தரையில் நுரைத்தது, மூன்றாவது "ஓடினானே" பாதியில் அறுந்தது. வாசலில் நின்ற வண்டியிலிருந்து முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தவர் என் அப்பாவாகவே தெரியவில்லை. முதல் அடியில் மொக்கையனின் தடுத்த கை ஒடிந்து தொங்கியது. இரண்டாவது அடி தாடையில் விழுந்தது. மூன்றாவது உச்சந்தலையில், ஈரத் தேங்காய் உடைகிற சத்தம். நான் ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். மொக்கையனின் தம்பி அவரைக் குறிவைத்து வீசிய கம்பு என் இடது காதில் இறங்கியது. அதன்பிறகு அந்தப் பக்கத்தில் சத்தம் என்ற ஒன்றே இல்லை. ஆட்கள் வாயைத் திறந்து மூடுவதையும், மொக்கையனின் ரத்தம் அப்பாவின் துண்டில் ஊறி ஏறுவதையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் மொக்கையன் கம்பம் ஆஸ்பத்திரியில் செத்தான். அதே ராத்திரி எங்கள் வைக்கோல் படப்பு எரிந்தது. உழவு மாடு ஒன்றின் பின்னங்கால் நரம்பை அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆத்திரத்தில் நேர்ந்த கொலை என்று அப்பாவுக்கு ஐந்து வருசம். அம்மா என்னை இழுத்துக்கொண்டு தன் அண்ணன் இருந்த பழனிசெட்டிபட்டிக்கு வந்துவிட்டாள். "சங்கிலி துண்டுக்கு மதிப்புக் குடுத்தாக. அந்தப் பெட்டிக்கு என்ன தெரியும்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். சங்கிலியை யாரோ கேட்டதற்கு, "அங்கன யாரும் துண்டு போடலியேய்யா. போட்டிருந்தா நிப்பாட்டியிருப்பேன்" என்றாராம்.

1949இல் அப்பா விடுதலையாகி வந்தார். வந்த மூன்றாவது வாரம், பழனிசெட்டிபட்டிக் காப்பிக் கிளப்பில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, அங்கிருந்த ரேடியோவில் அதே உடுக்கை. எழுந்து போய்விடலாம் என்றேன். அவர் அசையவில்லை. மடை, காவல், அரிவாள், ஒற்றைப் பனை. அப்பாவின் கை தானாகத் தோளுக்குப் போனது. அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நல்ல காதை ரேடியோ பக்கம் திருப்பினேன். "ஓடினானே" மூன்று முறை வந்தது. அதன்பின், எங்கள் வீட்டார் ஒருநாளும் கேட்டிராத வரி வந்தது.

*ஒறங்கும் அண்ணன் முழிச்சிக்கிட்டா – ஒரு கொல ரெண்டாப் போகுமின்னு ஓடினானே*

குடிசைக்குள் கிடந்த அண்ணன் வெட்ட வந்தவர்களின் கண்ணில் படாதபடி, அவர்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார் சித்தப்பா. சிந்து கட்டும் முன்பே, வெட்டியவர்களில் ஒருவன் சாகக் கிடந்தபோது சங்கிலியிடம் இதைச் சொல்லியிருக்கிறான் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. வெளியூர்க்காரர்கள் முழுப்பாட்டும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் முகத்துக்கு நேரே அந்தப் பேச்சை எடுக்கக் கூசியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் மட்டும் அந்த வரிக்கு முன்னால் எப்போதும் ஒரு துண்டு விழுந்துகொண்டிருந்தது.

அப்பா ஆடை படிந்த காப்பியைத் தள்ளி வைத்தார். பிறகு, "அந்தப் பய இன்னும் ஒரு வரி கேட்டிருந்தா சிரிச்சிருக்க மாட்டான்லடா" என்றார். சற்றுக் கழித்து, "நானும் பெட்டிய ஒதச்சிருக்க மாட்டேன்" என்றார். சாகும்வரை அவர் தோளில் துண்டு போட்டு நான் பார்க்கவில்லை.

இன்று பேரன் கைபேசியில் "கிராமியப் பாட்டு" என்று எதையோ வைக்கிறான். அதில் உடுக்கை இல்லை. எவன் பெயரும் இல்லை. எழுந்து நிறுத்தச் சொல்ல யாருக்கும் எதுவும் இல்லை. சங்கிலியோடு அந்தச் சிந்தும் போயிற்று. எனக்குத் தெரிந்தது மூன்று "ஓடினானே"யும் அடுத்த ஒரு வரியும்தான். தூக்கம் வராவிட்டால் கூட்டிப் பார்க்கிறேன்: துண்டு பத்து, மொக்கையனின் உயிர் ஒன்று, மாடு ஒன்று, உடைந்த ரேடியோவுக்கும் வக்கீலுக்குமாக விற்ற ஒன்றரைக் குறுக்கம் நஞ்சை, அப்பா இல்லாத ஐந்து வருசம், என் இடது காது. ஒரு வரி பொறுக்காததற்கு ஆன விலை.