தராசுத் தட்டுக்கு வேர்த்த கதை

நெய்து முடித்த புடவையைக் கொடுக்க, இன்று நானும் வீட்டுக்காரரும் பட்டுக்கடைக்குப் போனோம்.

கடையில் புதிதாகக் குளிர்சாதன அறை. அது வாங்க வருகிறவர்களுக்கு. நெய்கிற நாங்கள் வெளித் தாழ்வாரத்தில், மழை விட்ட புழுக்கத்தில் நிற்க வேண்டும்.

நூலை எடை போட்டுத் தருவார்கள், புடவையையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். தராசு இருப்பது குளிர் அறையில். அதை வெளியே கொண்டுவந்து, ஜில்லென்ற பித்தளைத் தட்டில் புடவையை வைத்தார்கள்.

முதலாளி புடவையின் அடிப்பக்கத்தைத் தடவினார். ஈரம்.

"ஏம்மா, நூல்ல கொஞ்சம் எடுத்து வச்சிக்கினு, எடையைச் சரிக்கட்டத் தண்ணி தெளிச்சீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் கையில், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கலர் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த பாட்டிலுக்கும் நான்தான் தண்ணி தெளிச்சேனா முதலாளி? ஜில்லுனு இருக்கிற தட்டு இந்தப் புழுக்கத்துல வந்தா வேர்க்காதா?"

தட்டைத் துடைத்து, புடவை காய்ந்ததும் மறுபடி எடை போட்டார்கள். சரியாக இருந்தது.

முதலாளி சிரித்தார். "சரிம்மா. அடுத்த புடவையை நல்லாக் காயவச்சு எடுத்துக்கினு வா."

வழியில் வீட்டுக்காரர் என்னிடம் பேசியது இவ்வளவுதான்: "ஏன் வாய் குடுத்த? அடுத்த புடவைக்குப் பாவு போட நூல் தரலைன்னா?"

குளிர் அவர்களுடையது, புழுக்கம் எங்களுடையது. இரண்டும் தொட்ட இடத்தில் தண்ணீர் வந்தால், திருட்டும் எங்களுடையது.

நீங்கள் நெய்து கொடுக்கும் கடையில், எடைக்கு முன் தட்டை யார் துடைக்கிறார்கள்?